மிதவை நட்டவர்

நான் அவரை முதன்முதலில் பார்த்தபோது அவர் மழையில் நின்றுகொண்டிருந்தார். தலையில் விழுந்த தண்ணீர் மூக்கு நுனி வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. கரையில் வலை காயப்போட்டிருந்தவர்கள் அதை வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடினார்கள். ஒதுங்க இடம் தேடி நானும் ஓடினேன். அவர் கையை நீட்டி என்னை நிறுத்தினார்.

"எங்க ஓடற நைனா? இன்னிக்கு மழ இல்ல."

நான் வானத்தைப் பார்த்தேன். பிறகு அவரைப் பார்த்தேன்.

"இது போன வாரம் வரவேண்டிய மழ. சொணங்கி வருது. அதுக்கு நா இன்னா பண்றது? இன்னிக்கு மழன்னு நா சொல்லல. அதனால இது இன்னிக்கு மழ இல்ல."

எனக்கு அப்போது பசி. மழையைப் பற்றி வாதாடத் தெம்பு இல்லை. சரி என்று சொல்லிவிட்டு அவருக்குப் பக்கத்தில் நின்று நனைந்தேன். அவரிடம் சரி என்று சொன்ன முதல் ஆள் நான்தான் என்று பிறகு தெரிந்தது. அன்று முதல் அவருடைய கட்டுமரத்தில் எனக்குத் துடுப்பு கிடைத்தது.

பழவேற்காட்டில் உலாந்தாக்காரர்களின், அதாவது டச்சுக்காரர்களின், கோட்டை இருந்த காலம் அது. காஞ்சிபுரத்துப் பக்கம் பள்ளிக்கூடத்தில் பாதி எழுத்தைக் கற்றுக்கொண்டு மீதிப் பாதிக்கு முன்பே ஓடிவந்தவன் நான். துணிமூட்டை சுமக்கிறவர்களோடு நடந்து அந்த ஊருக்கு வந்தேன். கப்பல் வந்தால், கரைக்கும் கப்பலுக்கும் நடுவே ஓடுகிற சலங்குப் படகில் மூட்டை ஏற்றுவேன். கப்பல் இல்லாத நாட்களில் அவரோடு கடலுக்குப் போவேன். கூலி என்று தனியாக எதுவும் இல்லை. மீன் கிடைத்த நாளில் மீன், கிடைக்காத நாளில் அவர் மனைவி ஊற்றுகிற கஞ்சி. கஞ்சியில் சில நாள் சோறும் இருக்கும்.

ஏரி கடலில் கலக்கிற முகத்துவாரத்துக்குத் தெற்கே ஒரு குப்பம், வடக்கே ஒரு குப்பம். அவர் தென்குப்பத்தில் பிறந்தவர். பெண் எடுத்தது வடகுப்பத்தில். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு குப்பத்தில் பிறந்து மறு குப்பத்தில் பெண் எடுத்தவனுக்குத்தான் அங்கே ஒரு வேலை கொடுப்பார்கள். கடலுக்கு எல்லை நடுகிற வேலை.

மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் முகத்துவாரம் வழியாக வெளியே வந்து கடலோடு சேராமல் கொஞ்ச தூரம் தனியாகவே போகும். ஒரு பக்கம் கலங்கல், மறுபக்கம் நீலம். இரண்டும் முட்டிக்கொள்கிற இடத்தில் நீளமாக ஒரு நுரைக்கோடு விழும். சருகு, செத்த நண்டு, தென்னை மட்டை, கோட்டைக்காரர்கள் குடித்துவிட்டுப் போட்ட புட்டிகளின் தக்கை எல்லாம் அந்தக் கோட்டில் வந்து சேரும். மீனும் அங்கேதான் கூடும். அதனால் அந்தக் கோட்டுக்காக இரண்டு குப்பங்களும் ஒரு காலத்தில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கின்றன. கடைசியில் பெரியவர்கள் கூடி ஒரு முடிவு செய்தார்கள். கலங்கல் பக்கம் தென்குப்பத்துக்கு. தெளிந்த பக்கம் வடகுப்பத்துக்கு. ஒவ்வொரு வருடமும் ஐப்பசி அமாவாசையன்று கோடு எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு மிதவை நடவேண்டும். காய்ந்த முருங்கைக் கட்டை, மேலே பனையோலைக் கொடி, அடியில் கயிற்றில் ஒரு பெரிய கல். அந்தப் பருவம் முழுவதும் அதுதான் எல்லை. அதற்குத் தெற்கே தென்குப்பம், வடக்கே வடகுப்பம்.

நட்டவனைத் தவிர வேறு யாரும் அந்த மிதவையைத் தொடக் கூடாது. நட்டவனும் இரண்டு குப்பத்தார் முன்னால் 'நான் தப்பாக நட்டுவிட்டேன்' என்று வாயால் சொன்ன பிறகுதான் அதைப் பிடுங்கலாம். இந்த விதியை ஏற்படுத்தியவர்கள், இவரைப் போன்ற ஒருவர் அந்த வேலைக்கு வருவார் என்று நினைத்துப் பார்த்திருக்கமாட்டார்கள்.

ஏனென்றால் அவர் வாயில் தப்பு என்ற சொல் மற்றவர்களுக்காக மட்டும்தான் வரும். அந்த மற்றவர்களில் காற்று, அலை, மீன், நிலா எல்லாம் அடக்கம். மடவை மீன் வரும் என்று ஓர் இடத்தில் வலை போடச் சொல்வார். வெறும் சிப்பியாக வரும். "அதுங்க வழி மாறிப் பூட்ச்சுங்க" என்பார். வழி மாறிய மீன்களுக்காகக் கொஞ்சம் வருத்தமும் படுவார்.

ஒரு முறை கோட்டையிலிருந்து ஆள் வந்தது. துணி ஏற்றிக்கொண்டிருந்த கப்பலின் தலைவன், வாடைக்காற்று எப்போது கிளம்பும் என்று தெரிந்துகொள்ள விரும்பினான். வாடை வந்துவிட்டால் அந்தக் கரையில் கப்பல் நிற்க முடியாது. இவர் யோசிக்காமல், "அமாவாச கழிச்சி வரும், அதுவரிக்கும் தூங்கச் சொல்லு" என்றார். அமாவாசைக்கு முன்பே வாடை வந்தது. நங்கூரம் இழுபட்டது. நாங்கள் மூட்டையோடு போய்க்கொண்டிருந்த சலங்கு கவிழ்ந்தது. எல்லாரும் நீந்திக் கரை சேர்ந்தோம். என் வேட்டி மட்டும் சேரவில்லை.

மறுநாள் அவரைக் கோட்டைக்கு வரச் சொன்னார்கள். கூட நானும் போனேன். கப்பல் தலைவன் முகம் வேகவைத்த நண்டுபோல இருந்தது. நெடுநேரம் கத்தினான். துபாசி அதைத் தமிழில் சுருக்கமாகச் சொன்னார்: "ஏன் பொய் சொன்னேன்னு கேக்கறாரு."

"நா சொன்ன நாளு எனக்கு ஞாபகம் கீது," என்றார் இவர். "காத்துக்குத்தான் இல்ல. அத்த இட்டாந்து கேக்கச் சொல்லுங்க."

துபாசியின் கழுத்தில் வியர்த்தது. பிறகு அவர் உலாந்தா மொழியில் ஏதோ நீளமாகச் சொன்னார். கப்பல் தலைவன் இவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தான். பெரிதாகச் சிரித்தான். ஒரு சுருட்டுப் புகையிலையைக் கொடுத்து அனுப்பிவிட்டான்.

வெளியே வந்ததும் துபாசியிடம் கேட்டோம்.

"இவ்ளோ அழகான கப்பல பாக்கணும்னு காத்துக்கு ஆசை. அதான் முந்திக்கிட்டு வந்துடுச்சுன்னு இவரு சொல்றார்னு சொன்னேன்."

நான் துபாசியைக் கும்பிட்டேன். இவருக்கோ கோபம் வந்துவிட்டது. "நா அப்டி சொல்லவே இல்லியே. ஆசயாவது ஒண்ணாவது. அது தப்பு பண்ணிச்சு. அத்த சொல்லாம வுட்டா அந்தாளு இன்னா நெனப்பான்?" என்று திரும்பக் கோட்டைக்குள் போகப் பார்த்தார். நானும் துபாசியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தோம். புகையிலையை வழியெல்லாம் கையில் வைத்துக்கொண்டே வந்தார். பொய்க்குக் கிடைத்தது என்று அவர் அதை வாயில் போடவில்லை. நான்தான் போட்டேன். நல்ல புகையிலை.

அவர் சும்மா உளறுகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. கட்டுமரம் கரையில் இருக்கிற நேரமெல்லாம் மணலில் மல்லாந்து படுத்து வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் ஒரு பனைமரம். அதன் ஓலை நுனிக்கு நேராக மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பார். தாழ்ந்து போகிற கறுப்பு மேகத்தை அவர் மதிப்பதில்லை. அதற்கெல்லாம் மேலே, பஞ்சைப் பிய்த்துப் போட்டதுபோல மெல்லிய மேகம் இருக்கும். அதைத்தான் பார்ப்பார்.

நம் முகத்தில் அடிக்கிற காற்று ஒரு பக்கம் போனால் அந்தப் பஞ்சு மேகம் நேர் எதிராகப் போகும். என்னையும் படுக்கவைத்துக் காட்டினார். உண்மைதான். மேலே ஒரு பெரிய காற்று யாரும் பார்க்காமல் தன் போக்கில் ஓடிக்கொண்டிருந்தது.

"அது மேல்வழி," என்றார். "வெயில் காலத்துல மேற்க ஓடும். குளிரு வரச்சொல்லோ இன்னொரு தடம் எறங்கி கெழக்க ஓடும். அந்தத் தடம் மாறினாத்தான் கீழ வாட நெலைக்கும். வாட நெலச்சாத்தான் தண்ணி தெக்க பாயும். எங்க நைனா காலத்துல ஐப்பசி பொறந்ததும் டாண்ணு மாறிடும். இப்ப அதுக்குச் சோம்பேறித்தனம் வந்துடுச்சு. வண்டித்தடம் கணக்கா வருசா வருசம் தள்ளித் தள்ளிப் போவுது."

அவர் மனைவி மீன்கூடையோடு அந்தப் பக்கம் வருவாள். நிற்காமலே கேட்பாள்: "இன்னாய்யா, மேல சோறு வேவுதா?"

"வேவல. இன்னும் அடுப்பயே மாத்தி வெக்கல."

"அப்ப எறங்கி வந்து இங்க ரெண்டு வெறகு பொள."

நான் சொல்ல வந்தது அந்த ஒரு வருடத்தைப் பற்றி. உள்நாட்டில் ஏதோ ராஜாக்களின் சண்டை. ஏரிக்கு மேற்கே வயல்காரர்கள் பாதி நிலத்தில் நாற்றே விடவில்லை. வழக்கமாக நாங்கள் கருவாடு கொடுத்து நெல் வாங்குவோம். அந்த வருடம் கொஞ்சம் கருவாட்டுக்கு யாரும் நெல்லைக் கண்ணில் காட்டவில்லை. மழைக்கால மீன் நன்றாக விழுந்தால்தான் இரண்டு குப்பமும் தை மாதத்தைப் பார்க்கும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஐப்பசி அமாவாசை வந்தது. நாங்கள் மிதவையை ஏற்றிக்கொண்டு போனோம். சாட்சிக்கு வடகுப்பத்திலிருந்து ஒரு கட்டுமரம் கூட வந்தது. அதில் அவர் மனைவியின் தம்பி இருந்தான். மழை பெய்து ஏரி நிறைந்திருந்தது. ஆனால் வாடை இன்னும் பேருக்குத்தான் வீசியது. கடல் தண்ணீர் வடக்கு நோக்கியே பாய்ந்துகொண்டிருந்தது. கலங்கலும் அதோடு வடக்கே சாய்ந்து கிடந்தது. நுரைக்கோடு ஏறத்தாழ வடகுப்பத்துக் கரைக்கு எதிரிலேயே இருந்தது.

"மாமா, தண்ணி இன்னும் திரும்பல," என்றான் மைத்துனன். "கொஞ்ச நாளு பொறுத்து நடலாமே."

அவர் மேலே பார்த்தார். பஞ்சு மேகம் மேற்கேதான் போய்க்கொண்டிருந்தது. அவர் பார்த்ததை நானும் பார்த்தேன்.

"நாளு நாளுதான் மச்சான். நா வந்துட்டேன் இல்ல? கோடு இங்க கீது. கட்ட இங்க எறங்குது."

கல்லைத் தள்ளினார். கயிறு சரசரவென்று இறங்கியது.

சில நாளில் வாடை நிஜமாகவே வந்தது. தண்ணீர் திரும்பித் தெற்கே பாய ஆரம்பித்தது. கலங்கல் மொத்தமும் தெற்கே சாய்ந்தது. நுரைக்கோடும் அதோடு மீனும் நகர்ந்து நகர்ந்து எங்கள் தென்குப்பத்துக்கு எதிரே வந்து நின்றுவிட்டன. மிதவை மட்டும் கல்லைக் கட்டிக்கொண்டு பழைய இடத்திலேயே வடக்கே ஆடிக்கொண்டிருந்தது. கோட்டின் இந்தப் பக்கமும் எங்களுடையது, அந்தப் பக்கமும் எங்களுடையது என்று ஆயிற்று. எங்களுக்குக் கலங்கலில் இறால், தெளிவில் கவலை மீன். வலை தாங்கவில்லை. வடகுப்பத்தார் எல்லைக்கு அந்தப் பக்கம் வெறும் நீலத் தண்ணீரில் வலை போட்டுச் சொறிமீனை இழுத்தார்கள். சொறிமீனைத் தின்ன முடியாது. தொட்டால் கை அரிக்கும்.

எங்கள் குப்பத்தின் தலைவரை நாட்டார் என்பார்கள். அவர் ஒரு நாள் எல்லார் முன்னாலும் இவர் தோளில் ஒரு புதுத் துண்டைப் போட்டார்.

"நட்டா இப்டி நடணும். அண்ணாத்த சொன்னா சரியாத்தான் இருக்கும்."

எல்லாரும் ஆமாம் என்றார்கள். வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் ஆமாம் என்றார்கள். இத்தனை வருடம் ஊரில் ஒருவர்கூட அவரைச் சரி என்று சொன்னதில்லை. அவரும் அதை எதிர்பார்த்ததில்லை. தனியாகச் சரியாக இருந்து பழகியவருக்கு ஊரோடு சேர்ந்து சரியாக இருக்கத் தெரியவில்லை. துண்டைப் போட்டுக்கொண்டு நடக்கும்போது தோளை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டே நடந்தார், அதில் ஏதோ பூச்சி இருப்பதுபோல.

அவர் மனைவி பிறந்த வீட்டுக்குக் கூடையில் மீன் எடுத்துப்போனாள். அவள் அம்மா கூடையைத் தொடவில்லை. "அந்தக் கட்டைக்கு அந்தாண்ட மீனு எங்களுக்கு வேணாம்டி" என்று சொல்லிவிட்டாள். தம்பி வீட்டில் புளியங்கொட்டையை அவித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் கூடையோடு திரும்பி வந்தாள். நாங்கள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். கூடையை அவருக்கு எதிரே வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கோடு இங்க வரும்னு நடச்சொல்லோ உனக்குத் தெரியுமா?"

"தெரியாம இன்னா? எனக்குத் தெரியாத காத்தா?"

"அப்ப தெரிஞ்சேதான் எங்க ஆளுங்க வயித்துல அடிச்ச."

அவர் கையில் இருந்த கஞ்சிக் கலயம் அப்படியே நின்றது.

"இல்ல இல்ல. அப்ப தெரியாது."

"தெரியாம நட்டா அது தப்பு. தெரிஞ்சி நட்டா அது திருட்டு. நீ எது? சொல்லிட்டு குடி."

அவர் குடிக்கவில்லை. எழுந்துபோய் மணலில் படுத்தார். நான் அவருடைய கஞ்சியையும் குடித்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பஞ்சு மேகம் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. மேல்வழி திரும்பிவிட்டது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

அப்படியே சில நாள் போயிற்று. பிறகு ஒரு காலையில் என்னை எழுப்பி, இரண்டு குப்பத்தாரையும் முகத்துவாரத்து மணல்திட்டுக்கு வரச் சொல்லிவிட்டு வா என்றார். எல்லாரும் வந்தார்கள். வடகுப்பத்தார் வற்றிப்போன முகத்தோடு ஒரு பக்கம் நின்றார்கள். எங்கள் ஆட்கள் மறுபக்கம். பெண்கள் பின்னால். இவர் புதுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நடுவில் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"மேல்வழி சொணங்கிடுச்சு," என்று ஆரம்பித்தார். "அத்த பாத்துத்தான் கீழ்க்காத்து வரணும், அதுவும் சொணங்கிடுச்சு. காத்த பாத்து தண்ணி திரும்பணும். தண்ணிய பாத்து கோடு நவுரணும். இவங்க ஒருத்தராவது சொன்ன நாளுக்கு வந்தாங்களா? கட்ட மட்டுந்தான் வந்துச்சு. இவங்க யாருக்கும் வாயி கெடயாது. அதனால அவங்க எல்லாருக்கும் சேத்து நா சொல்றேன். தப்பாயிடுச்சு. மன்னிச்சிக்கணும்."

வடகுப்பத்துக் கிழவர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "இப்ப யாருப்பா மன்னிப்பு கேட்டது?" என்றார்.

"கடலாம்."

எங்கள் நாட்டாருக்கு அது வசதியாகப் போயிற்று. அவர் முன்னால் வந்தார். "வெதி இன்னா? நட்டவன் நா தப்பா நட்டேன்னு சொல்லணும். அண்ணாத்த அப்டி சொல்லல. சொல்லவும் மாட்டாரு. அவரு நட்டது சரி. கட்ட அங்கியே இருக்கட்டும். எல்லாரும் வூட்டுக்குப் போங்க."

எங்கள் ஆட்கள் தலையாட்டினார்கள். இவர் அந்தத் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வடகுப்பத்து வரிசையில் மைத்துனனின் சின்ன மகள் உட்கார்ந்து புளியங்கொட்டையை வாயில் உருட்டிக்கொண்டிருந்தாள். அவளையும் பார்த்தார். இடுப்புத் துண்டை அவிழ்த்து நாட்டாரின் கையில் கொடுத்தார்.

"நட்டது நாந்தான்யா," என்றார். குரல் அவருடையதுபோல இல்லை. "மேல பாத்தேன். திரும்பலன்னு தெரிஞ்சிது. திரும்பிடும்னு நெனச்சேன். நாளு தவறக் கூடாதுன்னு நட்டேன். நா தப்பா நட்டுட்டேன்."

நாட்டார் வாயைத் திறந்தார். பின்னால் பெண்கள் நடுவிலிருந்து இவர் மனைவி, "அதான் சொல்லிட்டாரு இல்ல, இன்னும் இன்னா?" என்றாள். நாட்டார் வாயை மூடிக்கொண்டார்.

அன்றைக்கே போனோம். இரண்டு குப்பத்துக் கட்டுமரங்களும் கூட வந்தன. கயிற்றின் முடிச்சு உப்பில் ஊறி இறுகிக் கிடந்தது. அவர் பல்லால் இழுத்துப் பார்த்தார். மைத்துனன் தன் கத்தியை நீட்டினான். வாங்கி அறுத்தார். கல் அடியிலேயே கிடந்துவிட்டது. மிதவையைத் தூக்கிக்கொண்டு தெற்கே வந்து நுரைக்கோட்டில் போட்டார். வேறு கல் கட்டவில்லை.

"கல்லு இல்லாத கட்ட நிக்காதே மாமா," என்றான் மைத்துனன்.

"நிக்க வேணாம். சருகு எங்க சேருது? கோட்டுல. கட்டைக்கும் அதே புத்திதான். கோடு போற எடத்துக்கு அதுவும் போவட்டும்."

கட்டை தயங்கியது. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நுரையில் சருகுகளுக்கும் தக்கைகளுக்கும் நடுவே போய்ப் படுத்துக்கொண்டது. மைத்துனன் தெளிந்த பக்கம் வலையை விட்டான். முதல் இழுப்பிலேயே வலை கனத்தது. அவன் எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை, ஆனால் இரண்டு கூடை கவலை மீனை எங்கள் கட்டுமரத்தில் கொட்டிவிட்டுப் போனான்.

கரையில் கட்டுமரத்தை இழுக்க வந்தவர்களில் ஒருவன், வழக்கம்போல ஒரு பேச்சுக்கு, "இன்னா அண்ணாத்தே, நாளைக்குக் காத்து எப்டி?" என்று கேட்டான்.

"தெரியல," என்றார்.

கேட்டவன் கயிற்றை விட்டுவிட்டான். "இன்னா?"

"தெரியலப்பா."

அவன் ஓடினான். அவர் வீட்டை அடைவதற்குள் செய்தி குப்பம் முழுக்கப் பரவிவிட்டது. அவருக்கே தெரியாத காற்று வரப்போகிறது என்றால் அது எப்படிப்பட்ட காற்றாக இருக்கும்? புயல் என்றான் ஒருவன். கடல் ஊருக்குள் வரும் என்றான் இன்னொருவன். இருட்டுவதற்குள் எல்லாக் கட்டுமரங்களையும் மேட்டுக்கு இழுத்துவிட்டார்கள். வலைகளைத் தென்னை மரங்களில் கட்டினார்கள். வடகுப்பத்திலும் அதையே செய்தார்கள். நாட்டார் தன் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் போய்விட்டார்.

மறுநாள் விடிந்தபோது கடல் குளம்போலக் கிடந்தது. ஓர் இலைகூட அசையவில்லை. ஆட்கள் கண்ணெல்லாம் சிவந்து மேட்டிலிருந்து இறங்கி வந்தார்கள். கட்டுமரங்களை மறுபடி தண்ணீருக்கு இறக்க மதியம் ஆகும். அதற்குள் மீன் ஆழத்துக்குப் போய்விடும். எல்லாரும் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். எதற்காகத் திட்டுவது என்று அவர்களுக்கே தெரியவில்லை.

அவர் மனைவிதான் வெளியே வந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். உள்ளே திரும்பிச் சொன்னாள்.

"இந்தாய்யா, நாளையிலேர்ந்து எதுனா ஒண்ணச் சொல்லு. தப்பா இருந்தாலும் பரவால்ல. நீ தெரியலன்னு சொன்னா ஊரு வேல கெடுது."

அவர் வெளியே வந்தார். யாரையும் பார்க்காமல் மேட்டுக்கு ஏறிப்போய் முதல் கட்டுமரத்துக்குத் தோள் கொடுத்தார்.